அக்கா லண்டன் பார்த்த கோடை

2009 ஓகஸ்டில் அக்கா குடும்பம் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டு ஆம்ஸ்டர்டாம், பிரசல்ஸ், பாரிஸ் எல்லாம் பார்த்து, கடைசியாக லண்டன். எங்கள் ஆட்களின் ஐரோப்பியச் சுற்றுலா எப்படியென்று தெரியுந்தானே. ஹோட்டல் என்ற பேச்சே கிடையாது. எந்த நகரத்தில் சொந்தக்காரர் இருக்கிறாரோ அதுதான் பார்க்கவேண்டிய நகரம். அவர்கள் ரோமுக்குப் போகாததற்கு ஒரே காரணம், அங்கே இடியப்பம் அவித்துத் தர எங்களுக்கு ஆளில்லை.

அவர்கள் பாரிஸில் நின்றபோதுதான் எனக்கு அந்த போன் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இளையவன், தம்பி, வன்னியில் இருந்தான். வைகாசியில் சண்டை முடிந்தபிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அகதி முகாமுக்குள்தான் இருப்பான், கதைக்க வழியிருக்காது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். முகாமிலிருந்து வெளியே வந்த ஊர்க்காரர் ஒருவர்தான் கூப்பிட்டார். “நான் கண்ணாலை கண்டனான் அண்ணை. அவன் இல்லை” என்றார். நான் வாய் திறப்பதற்குள் லைன் அறுந்தது. திரும்ப எடுத்தால் அந்த நம்பர் வேலை செய்யவேயில்லை.

மாடிப்படியில் குந்திக் குழறி அழுதேன். பிறகு அத்தானுக்கு எடுத்தேன்.

“இப்ப சொல்லவேண்டாம் மச்சான்” என்றார் அத்தான். “அவளுக்குப் பிரஷர். பிள்ளையளுக்கும் இதுதான் முதல் ஹொலிடே. வீட்டை போய் நான் ஆறுதலாச் சொல்லுறன். நீ மூண்டு நாளைக்கு மூஞ்சையைச் சரியா வைச்சிரு.”

சொல்லிவிட்டார் மகாராசா. வைத்திருக்க வேண்டியது என் மூஞ்சியல்லவா!

செத்தவீடும் இல்லை, உடலும் இல்லை. என்றாலும் செய்தி கேட்ட நேரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் படி மிதிக்கக்கூடாது, கோயில் விபூதியைத் தொடக்கூடாது, மச்சம் மாமிசம் சமைக்கக்கூடாது. நான் இதையெல்லாம் பெரிதாகப் பார்க்கிறவனல்ல. ஆனால் தம்பிக்கென்று செய்ய எனக்கு வேறு என்ன இருந்தது? இதையாவது ஒழுங்காகச் செய்வேன் என்று ஒரு வீம்பு.

வந்திறங்கிய அன்று மேசையில் பருப்பும் கத்தரிக்காயும் பூசணிக்காயும். கோழிக்கறியை நினைத்துக்கொண்டு வந்த அக்காவின் பிள்ளைகள் இரண்டும் ஜெர்மன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தன.

“நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறிட்டுதெல்லோ மச்சாள், இந்தமுறை நாங்கள் விரதம்” என்று என் மனைவி சமாளித்தாள்.

“ஆர், இவனோ? கோழிக்கால் இல்லாட்டில் சோத்துக் கோப்பையைத் தொடாதவன் விரதமோ! கலிகாலமடா!” அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் ஊர் பார்க்கப் போனோம். அரண்மனை, பாலம், மணிக்கூண்டு. பாராளுமன்றத்துக்கு எதிரிலுள்ள சதுக்கத்தில் அக்கா நின்றாள். சித்திரையில் நாங்கள் ஆயிரக்கணக்கில் கூடி, சண்டையை நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தியது அங்கேதான். இப்போது புல்லில் யாரோ படுத்து வெயில் காய்ந்தார்கள்.

“இஞ்சையோ நிண்டனீங்கள்?” என்று கேட்டாள். பிறகு, “அவன் வெளியிலை வந்தவுடனை எப்பிடியும் இஞ்சாலை எடுப்பிச்சுப் போடுவம், என்ன?”

“ஓம் அக்கா.”



வீடு திரும்பியதும், “லண்டனுக்கு வந்து முருகனைக் கும்பிடாமல் போறதோ? தம்பியின்ரை பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யவேணும்” என்று சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள் அக்கா.

“எனக்குக் கோயிலுக்கு ஏலாது மச்சாள்” என்றாள் என் மனைவி. பெண்களுக்கு அது ஒரு வசதி, யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் டிவியைப் பார்த்தார்.

“நீ கூட்டிக்கொண்டு போ மச்சான். நான் பிள்ளையளைப் பாக்கிறன்.”

பல்லை நெருமிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தேன்.

கோயில் வாசலில், வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின் மேலேயே காரை நிறுத்தினேன். “டிக்கெற் அடிச்சுப் போடுவாங்கள், நான் காருக்குள்ளை நிக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ.” அவள் நம்பிப் போனாள். உள்ளே மணி அடித்தது. ஐயர் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அவனுக்கு நீண்ட ஆயுள் கேட்டுக்கொண்டிருப்பார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அக்கா முகமெல்லாம் மலர்ந்து வந்தாள். “ஐயர் வடிவாச் செய்தவர். நெத்தியைக் காட்டு.” விபூதி எடுத்த விரல் கார் ஜன்னலுக்குள் வந்தது. நான் பின்னால் சாய்ந்தேன்.

“வேண்டாமக்கா. நான் மச்சம் சாப்பிட்டனான்.”

உலகத்தில் எத்தனை பொய் இருக்கிறது! எனக்கு இதுதானா வாயில் வரவேண்டும்?

அக்காவின் கை அப்படியே நின்றது. “உங்கடை வீட்டிலை ரெண்டு நாளா மரக்கறியெல்லோ?” என்றாள். என் கண்களைப் பார்த்தாள். கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். “நீயும் உள்ளுக்கு வரேல்லை. அவளும் வரேல்லை.” குரல் இறங்கியது. “துடக்கோடா?”

நான் மற்றக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டேன். அவள் சுற்றி வந்து மற்றப் பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“எப்ப தெரியும்?”

“நீங்கள் பாரிஸிலை நிக்கேக்கை.”

“அத்தானுக்கு?”

“தெரியும்.”

“பாவியளே!” என் தோளில் முஷ்டியால் குத்தினாள். “அவனுக்கு ஆயுள் கேட்டிட்டெல்லோ வாறன்! நீ வாயை மூடிக்கொண்டு இருந்தனியேடா!” குத்தக் குத்த நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். டிக்கெட் அடிக்கிறவன் ஒருவன் ஜன்னலைத் தட்ட வந்து, எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனான்.

வெகுநேரம் கழித்து அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எனக்குத் தெரியுமெண்டு அத்தானுக்குச் சொல்லாதை. சொன்னால் அவர் உடனை வானைத் திருப்பிப்போடுவார். நாளைக்கு ஆத்தங்கரைச் சக்கரத்திலை ஏறோணுமெண்டு பிள்ளையள் நிக்குதுகள். அதுகள் ஏறட்டும்.”

மறுநாள் அந்தப் பெரிய ராட்டினச் சக்கரத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் நாங்கள் எல்லோரும் நின்றோம். அக்காவைச் சிரிக்கவைப்பதற்காக அத்தான் ஒவ்வொரு கட்டிடமாகக் காட்டிப் பகிடி விட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். உச்சிக்கு வந்ததும், பிள்ளைகள் மற்றப் பக்கம் ஓட, அவள் என் அருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கக் கேட்டாள்:

“வேதனைப்பட்டவனோடா?”

“இல்லையக்கா. உடனையாம்” என்றேன். போனில் கூப்பிட்ட மனிதர் எனக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

“அப்ப சரி” என்றாள் அக்கா. அத்தான் கமராவோடு கூப்பிட, பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றாள்.