வெட்டின் மேல் அப்பிய ரப்பர்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ரேஸ் டயரை வெட்டிவிட்டேன். அதை மறைத்தேன். அந்த டயரோடு என் தங்கை மகள் சுபாவை ரேஸுக்கு அனுப்பினேன்.

சுபாவுக்கு ஊர் ஜெயமங்கலம். அப்பாவுக்கு மாந்தோப்பு. மகள் கோவை டிராக்கில் கார் ஓட்டுவாள். டீம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள் — அவள், மெக்கானிக் பாண்டி, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் நடத்தி ஓய்வு பெற்ற நான். அவ்வளவுதான்.

டயர் சுரண்டுவது என் பொறுப்பு. ரேஸ் டயர் சூடேறினால் பிசின் மாதிரி ஆகிவிடும். டிராக்கில் சிதறிக் கிடக்கும் ரப்பர் துணுக்கெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் கார் அதிரும், பிடி குறையும். ஹீட் கன்னால் சூடு காட்டி, சுரண்டியைப் படுக்க வைத்து, அப்பியதை மட்டும் எடுக்க வேண்டும். பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு என்று எண்ணியிருந்தேன்...

"வாத்தியாரே, தோசைக்கல்லச் சுரண்டுற மாதிரி சுரண்டாதீக," என்றார் பாண்டி அன்று.

சுருக்கென்றது. முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு இவர் சொல்லித் தருவதா? வேகமாக இழுத்தேன். சுரண்டியின் முனை டயருக்குள் இறங்கிவிட்டது. ரப்பருக்கு அடியில் டயரைத் தாங்கும் நூல் தெரிந்தது.

மாற்று டயர் பக்கத்திலேயே இருந்தது. வாயைத் திறந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பாண்டி சிரிப்பாரே! சுரண்டிப் போட்ட ரப்பரையே சூடாக்கி வெட்டின் மேல் அப்பித் தேய்த்தேன். பார்வைக்குத் தெரியவில்லை.

நான்காவது சுற்றில் கார் வளைவில் சுழன்று சுவரில் மோதியது. சுபாவின் மணிக்கட்டு முறிந்தது. டயர் கிழிந்திருந்தது — சுவரில் பட்டதால் என்றார்கள்.

"பின்பக்கம் திடீர்னு வழுக்கிருச்சு மாமா," என்றாள் ஆஸ்பத்திரியில்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ பிரேக்க லேட்டா அடிச்சிருப்பம்மா."

நம்பினாள். ஹெல்மெட் பரணுக்குப் போனது.

இந்த வருட வீரபாண்டித் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவினர்கள். சாப்பாட்டுக்கு நடுவே என் மச்சான், அவளுடைய அப்பா, ஆரம்பித்தார். "எங்க ரேஸ்காரி வளைவக் கண்டா நேராத்தேன் போவா. கோயிலுக்கு ஆட்டோ சொல்லிருங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். சுபாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோற்றில் கையை வைத்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தங்கை கரண்டியை வைத்தாள். "அண்ணே... நீங்களா?"

சுபா என்னைத் திட்டவில்லை. "எந்த டயரு மாமா?"

"பின்னாடி. எடது பக்கம்."

"அப்ப வழுக்குனது நெசந்தேன்."

"நெசந்தேன்மா."

இலையை மூடி எழுந்து போனாள். ஒரு மாதம் பேச்சில்லை. தங்கை இன்னும் பேசவில்லை.

போன வாரம் சுபாவிடமிருந்து போன். "கோயம்புத்தூர்ல மறுபடி ரேஸ் ஓட்டப் போறேன் மாமா. நீங்களும் வாறீகளா?"

போனேன். அவளும் பாண்டியும் டயர் சுரண்டினார்கள். நான் உருட்டிக் கொடுத்தேன், குப்பை அள்ளினேன். ஒரு தடவை பழக்க தோஷத்தில் சுரண்டிக்குக் கை நீட்டினேன்.

"அது வேணாம் மாமா," என்று மெதுவாக எடுத்து, தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.