குளத்தடியில் பேர் கூப்பிட்டேன்

இதை நம்பும்படி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். என் மனைவி றோசலின் இருந்தாள், தோட்டத்து ஆட்கள் பத்தொன்பது பேர் இருந்தார்கள், பஸ் டிரைவர் இருந்தான். நான் தேயிலை பெக்டரியில் கிளாக்கராக இருந்தவன். கொழுந்து வாடுவதற்கும் அரைபடுவதற்கும் மணி பார்த்துப் பார்த்து, எதையும் நேரத்தோடு குறித்து வைப்பது பழக்கமாகிவிட்டது. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. இங்கே வரும் நேரங்கள் எல்லாம் அதில் உள்ளவை. தோட்டத்தின் பேரையும் குளத்தின் பேரையும் மட்டும் சொல்ல மாட்டேன்.

1962 ஜனவரியில் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றலாகி வந்தேன். மகள் இசபெல்லுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் புத்தகத்தில் கடல் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம மலையை விடப் பெரிசாப்பா?" என்று கேட்டாள். அதுதான் ஆரம்பம். பெக்டரியில் விளையாட்டாகச் சொன்னேன். ஒரே வாரத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தேயிலையையும் மேகத்தையும் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள். எங்கள் மூவரோடு இருபத்திரண்டு பேர்.

சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் புறப்பட்டு மூன்று நாளில் திரும்புவதாகத் திட்டம். ஹற்றன் வழியாகக் கொழும்புக்கு இறங்கி, கடற்கரை ஓரமாகவே காலி, மாத்தறை. தேவேந்திரமுனை வெளிச்சவீடு. பாறைக்குள்ளிருந்து கடல் பீறிட்டு அடிக்கும் இடம். அம்பாந்தோட்டை உப்பளத்தில் பூநாரை. யாலவில் யானை. கடைசி நாள் மாலை, வெல்லவாயவுக்கு வரும் வழியில் காட்டுக்குள் ஒரு குளம். நாரைகள் அடையும் இடமென்று பேப்பரில் படித்திருந்தேன். அதற்கு 5.30 முதல் 6.00 வரை என்று எழுதினேன். ஒரு நிமிடம் பிசகக் கூடாது என்று எல்லாரையும் மிரட்டினேன். அப்போது எனக்கு அந்தக் கர்வம் உண்டு.

மார்ச் 24, சனிக்கிழமை. மாலை ஏழு மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் கூடினோம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பூரணி கதவைத் திறந்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பயணத்துக்கு அவள் பேர் கொடுக்கவில்லை.

நான் வரைபடத்தை விரித்து ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். குளத்தைச் சொன்னதும் கொழுந்தெடுக்கும் அழகம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அந்தக் கொளத்துல நிப்பாட்ட வேணாங்கய்யா."

"ஏன்?"

"வேணாங்க. அவ்வளவுதான்."

"யானை பிடிச்சுட்டுப் போயிருமா?"

சிலர் சிரித்தார்கள். பழைய ஆட்கள் சிரிக்கவில்லை. நான் வந்து மூன்று மாதம் ஆகாத புது ஐயா. என்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களை வற்புறுத்திக் கேட்கும் பொறுமையும் எனக்கு இல்லை.

கலைவதற்கு முன் எல்லாரும் வந்திருக்கிறார்களா என்று பார்க்க, பெரட்டில், விடியற்காலை வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை வாசிக்கிற மாதிரியே குரலை உயர்த்திப் பேர் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக "இருக்கேன்ங்க" என்றார்கள்.

"வீரம்மா."

"இருக்கேன்..." பின்வரிசையிலிருந்து.

கோடு போட்டேன். அடுத்த பேரை வாசிக்க வாயெடுத்தபோது கதவு திறந்தது. தலையில் மழைக்குப் போட்ட கொங்காணியோடு, மழையில் நனைந்து வீரம்மா உள்ளே வந்தாள். மணி 7.25.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. குடியிருக்கும் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் ஒருத்தி தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தால், தோழி ஒருத்தி கூட்டத்துக்குள்ளிருந்து அவளுக்காக "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுவாள். எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான்.

"வீரம்மாவுக்கு யாரு பதில் சொன்னது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

யாரும் கை தூக்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரும் காலித் தொட்டில்களும்தான்.

எல்லாரும் போனபின் பூரணி என்னிடம் வந்தாள்.

"ஐயா, பஸ்ஸுல கடைசி சீட்டு ஒண்ணு காலியா வையுங்க. வரும்போது மட்டும் போதும்."

"யாருக்கு?"

"வையுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மூட்டை வைக்கக் கேட்கிறாள் என்று நினைத்துச் சரி என்றேன்.

அன்றிரவு 8.40. வீட்டில் லாம்பு வெளிச்சத்தில் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் வாசித்துக்கொண்டே போனவன், மகளின் பேர் வந்ததும் ஆசையில் உரக்கவே சொல்லிவிட்டேன்.

"இசபெல்."

"இருக்கேன்..."

அடுப்படிப் பக்கமிருந்து. இசபெல் உள் அறையில் தூங்குகிறாள். எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்படியில் ஒருவரும் இல்லை. பின்கதவு தாழிட்டிருந்தது. தரையில் ஓர் உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர்.

"பிள்ளை தூக்கத்துல பேசியிருக்கும். படுங்க" என்றாள் றோசலின். படுத்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை. அப்போதே பயணத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் புது ஐயா பயந்துவிட்டான் என்று பெக்டரியில் சிரிப்பார்களே என்று யோசித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஏப்ரல் 15, காலை 4.00. புறப்பட்டோம்.

முதல் இரண்டு நாளும் எந்தக் குறையும் இல்லை. காலியில் கடலைக் கண்டதும் அழகம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். இசபெல் அலையைத் துரத்திக்கொண்டு ஓடினாள், அலை திரும்பித் துரத்தியதும் அலறிக்கொண்டு வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அம்பாந்தோட்டையில் பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்ததைப் பார்த்து வீரம்மா அழுதே விட்டாள். மூன்றாம் நாள் யாலவில் ஏழு யானை பார்த்தோம். திட்டத்தில் ஒரு வரி பிசகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை 5.42. குளத்துக்கு வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு நிமிடம் பிந்திவிட்டது.

நாரை இல்லை. ஒரு கொக்குகூட இல்லை. குளம் முழுக்கத் தாமரை இலை, கரையெல்லாம் பட்ட மரம். காற்று அடித்தது. தண்ணீர் அசையவில்லை. அழகம்மா பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். தண்ணீர்ப் பக்கம் யாரும் போனதை நான் காணவில்லை.

6.05. விசில் ஊதினேன். எல்லாரும் ஏறினார்கள். கடைசியாக ஏறிய நான் படியில் ஈரக் கால்தடத்தைப் பார்த்தேன். வெறுங்கால். உள்ளே போன தடம் மட்டும்தான் இருந்தது. யாரோ கால் கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே இருட்டு. முன்னால் நின்றபடி பேர் கூப்பிட்டேன்.

"வீரம்மா."

"இருக்கேன்ங்க."

"அழகம்மா."

"ம்... இருக்கேன்."

ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். றோசலின் முன் சீட்டில். இசபெல் பின்னால் அழகம்மாவோடு இருப்பாள். வரும் வழியெல்லாம் அவள் மடியில்தான் படுத்திருந்தாள்.

"இசபெல்."

"இருக்கேன்."

"சரி. எடுப்பா" என்றேன். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினான். பஸ் நகர்ந்தது.

பத்து அடி போயிருப்போம்.

என் மகள் ஒருநாளும் "இருக்கேன்" என்று சொன்னதில்லை. "என்னப்பா" என்றுதான் சொல்வாள்.

"ஐயா..." அழகம்மாவின் குரல். "பாப்பா எங்கிட்ட இல்லீங்களே... பஸ்ஸு நின்னதும் எறங்கிப் போயிருச்சே, முன்னுக்கு அம்மாவோட இல்லையா?"

றோசலின் எழுந்தாள். அவள் மடியிலும் இல்லை.

"இப்பப் பதில் சொன்னது யாரு?"

தலைகள் இங்கும் அங்கும் திரும்பின.

"யாரு சொன்னது?"

அழகம்மா கடைசிச் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பூரணி கேட்டதால் நான் காலியாக விட்ட சீட்டு.

"நிப்பாட்டு!"

குதித்தேன். ஓடினேன்.

குளம்.

கரையில் இல்லை.

தண்ணீரில்...

இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். முதுகு என் பக்கம். வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. யாரோ பெரியவர் கையைப் பிடித்திருப்பது மாதிரி. பக்கத்தில் யாரும் இல்லை.

இன்னும் ஓர் அடி வைத்தாள்.

பாய்ந்து தூக்கினேன். தூக்கும்போது அந்தக் கையை மறுபக்கமிருந்து யாரோ இழுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். இழுத்தார்கள். பிறகு... விட்டுவிட்டார்கள்.

மணி 6.11.

பஸ்ஸில் ஏறும்வரை பிள்ளை அழவில்லை. றோசலினின் மடியில் வந்ததும் சொன்னாள்.

"அந்த அக்கா என்னை இங்கயே இருக்கச் சொன்னாம்மா. என் பேருக்கு அவ பதில் சொல்லிக்கிறாளாம்."

அதன்பின் யாரும் எங்கும் இறங்கவில்லை. எல்லாரையும் முன்னால் வரச் சொன்னேன். கடைசிச் சீட்டுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எல்ல மலை ஏறும்போது பின்னாலிருந்து சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. மழை இல்லை. டிரைவரும் கேட்டான். அவன் என்னைப் பார்த்தான், நான் ரோட்டைப் பார்த்தேன்.

12.20. தோட்டத்து கேட். ஒவ்வொரு முகமாக டோர்ச் அடித்து இறக்கினேன். என்னோடு இருபத்திரண்டு. பிறகு கடைசிச் சீட்டில் வெளிச்சம் அடித்தேன். சீட்டு நனைந்து ஊறியிருந்தது. அதில் ஒரு துண்டுத் தாமரைத் தண்டு.

கேட்டடியில் கணக்கப்பிள்ளை செல்லசாமி நின்றார். தூங்காமல் எங்களுக்காகக் காத்திருந்தாராம். அப்போதுதான் சொன்னார்.

"எட்டு வருசத்துக்கு முந்தி நானும் ஒரு பஸ்ஸு கொண்டு போனேங்கய்யா. அதே கொளம். பூரணி மக நாகலெட்சுமி, பதினேழு வயசு. பேர் கூப்பிட்டேன், பதில் வந்துச்சு. பொறப்பட்டு வந்துட்டோம். இங்க எறங்கும்போதும் ஆள் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"காலையில பெரட்டுக்கு ஆளக் காணோம். பூரணி சொன்னா, ராத்திரி மக வந்தா, ஒண்ணும் பேசாம செவுத்தப் பாத்துப் படுத்தான்னு. விடிஞ்சு பாத்தா பாய் மட்டுந்தானாம். பாயி பூரா ஈரம். கொளத்துக்கு ஓடிப்போய்த் தேடுனோம். செருப்புதான் கெடச்சுது. கூட்டாளிக்காக அழகம்மாதான் பதில் சொல்லியிருப்பான்னு தோட்டமே அவளக் காறித் துப்புச்சு. அதுலேருந்து யாரும் அந்தப் பேச்சை எடுக்கிறதில்ல."

அழகம்மா எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "நான் சொல்லலைங்கய்யா" என்றாள். எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "இன்னிக்கு நீங்களே கேட்டீங்கல்ல. அதே கொரல்தான்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பிள்ளைக்காம்பரா வாசலில் பூரணி நின்றாள். கையில் லாந்தர்.

"ஐயா... கடைசி சீட்டுல யாரும் வரலீங்களா?"

அவளுக்கு என்ன சொல்வது? முதல் தடவை இவள் வீட்டுக்கு வந்து படுத்தது இவள் மகள் இல்லை. இந்தத் தடவை வந்தது யார்? மகளா, அன்றைக்கு வந்த அதுவா? என் தோளில் இசபெல்லின் ஈரத் தலை. இவளுக்கு மகளைக் கொடுப்பதானால் என் மகளை அங்கே விட்டு வந்திருக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

"இல்ல பூரணி. யாரும் வரல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பஸ் நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு லாந்தரைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள், பின்னால் வருகிறவருக்கு வழி காட்டுவது மாதிரி. மெதுவாக லயத்துப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை 7.15 ஆகியும் பிள்ளைக்காம்பரா திறக்கவில்லை. குழந்தைகளோடு தாய்மார் வெளியே நின்றார்கள். நானும் செல்லசாமியும் லயத்தில் பூரணியின் காம்பராவுக்குப் போனோம். கதவு சாத்தாமல் கிடந்தது. உள்ளே இரண்டு பாய், பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்தது. இரண்டும் ஈரம். பூரணி இல்லை.

தோட்டம் முழுக்கத் தேடினோம். ஆற்றில் தேடினோம். குளத்துக்கும் ஆள் போனது. பூரணியை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் செல்லசாமி பெரட்டுப் புத்தகத்தை என்னிடம் கொண்டு வந்தார். தேடும் பதற்றத்தில் காலையிலிருந்து அதைத் திறக்கவே இல்லையாம். விடியற்காலை ஆறு மணிக்கு, வழக்கம்போலப் பனிக்குள் நின்று பேர் வாசித்திருக்கிறார். "பூரணி" என்று கூப்பிட்டிருக்கிறார்.

"இருக்கேன்" என்று பதில் வந்திருக்கிறது. அவரும் கோடு போட்டிருக்கிறார்.