திரும்பக் கேட்காத பிள்ளைகள்

இன்று காலை, டொக்டருக்குப் படிக்கிற என்ர பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, பீச்சுக்குப் போறம். வாறீங்களா?"

"வேண்டாம் பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ" என்றேன்.

கார் போய்விட்டது.

ஐனோவின் ஞாபகம் வந்தது. எழுபதுகளில், நாங்கள் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கிளேட்டனில் எங்கட பின்னறையில் வாடகைக்கு இருந்து படித்த பின்லாந்துப் பிள்ளை. சனிக்கிழமைகளில் பைன் காட்டுக்குக் காளான் பிடுங்கப் போவாள். எனக்கோ, என்ர மனுசன் வேலைக்குப் போனால் கதைக்க ஆளில்லை.

ஒருநாள் இரண்டு வாளியோடு வாசலில் நின்று "நீங்களும் வாறீங்களா?" என்றாள். எனக்குச் சரியான ஆசை. ஆனாலும் "ஐயோ, வேண்டாம்" என்றேன். எங்கட ஆக்கள் என்றால் மூன்று தரமாவது கேட்பினம்தானே.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பின்னேரம் கேட்டேன்: "ஏன் பிள்ளை திரும்பக் கேட்கேல்லை?"

"நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்!"

அவள் கையில் இரண்டு வாளி. ஒன்றில் காளான். மற்றது வெறும் வாளி.

அடுத்த சனி, அவள் கேட்டு முடிக்க முதலே "ஓம்" என்றேன்.

பேத்தியிடம் மட்டும் அந்த "ஓம்" இன்னும் வாயில் வருகுதில்லை. விடியவே கட்டின நல்ல சீலையோடு கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன்.

உங்கட வீட்டில் எத்தனை தரம் கேட்பினம்?