நாலு பேருக்கு ஒரே சோதனை

எங்கள் பெண்கள் மருத்துவமனையின் லேபில் இருப்பவரைக் குழாய் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சோதனைக் குழாயும் கையுமாகவே இருப்பார். வீட்டில் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தேதி ஒட்டுகிறார் என்று அவர் கணவர் கிண்டலடிப்பார்.

உடலுறவில் தொற்றும் சில நோய்கள் பெண்களிடம் வலி, அரிப்பு எதுவும் காட்டாது. சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடும். பிள்ளை தங்காதபோதுதான் தெரியும். அதனால் எதற்காக வந்த இளம்பெண்ணானாலும், சம்மதம் கேட்டு, அக்கா சோதித்துவிடுவார்.

சோதனை கிட் விலை ஏறியது. தொந்தரவு சொல்பவர்களுக்கு மட்டும் போதும் என்றார் டாக்டர்.

"தொந்தரவே தராத நோயை, தொந்தரவு சொல்றவங்ககிட்ட மட்டும் தேடினா எப்படி டாக்டர்?"

டாக்டருக்கும் அது தெரியும், கையில் காசில்லை. யோசித்து அவரே ஒரு வழி சொன்னார். நாலு பேரின் சிறுநீரைக் கலந்து ஒரே கிட்டில் பார்ப்பது. இல்லையென்று வந்தால் நால்வருக்கும் நிம்மதி. இருக்கிறதென்றால் மட்டும் தனித்தனியாகப் பார்ப்பது. ஒரு மாதம் கெடு. கட்டுப்படியாகாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

முதல் கலவையே 'இருக்கிறது' என்றது. தனியாகப் பார்க்கப் போனால், ஒரு சொட்டு மிச்சமில்லை. பழக்க தோஷத்தில் அக்கா மொத்தத்தையும் ஊற்றியிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நால்வரையும் திரும்ப அழைப்பது ஆலோசகரான என் தலையில் விழுந்தது. வராவிட்டால் எல்லாம் பாழ்.

மூன்று பேர் அன்றே வந்தார்கள். நாலாவது பெண் கால்வலிக்காக வந்திருந்த தையல்காரி. மறுநாள் மாமியாரோடு வந்து நின்றாள்.

"கால் வலிக்கு எதுக்குங்க ரெண்டு தடவை யூரின்?" என்றார் மாமியார்.

"என் தப்புதாம்மா. குடுத்ததை ஒரே தடவையில தீர்த்துட்டேன்."

"நல்லா வேலை பாக்குறீங்க, போங்க."

அக்கா தலையாட்டிக்கொண்டே அவரை வெளியே உட்கார வைத்தார்.

நோய் தையல்காரிக்குத்தான் இருந்தது. தனியறையில் சொன்னோம். அவளுக்கும் கணவனுக்கும் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்றதும்தான் மூச்சு விட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேக்கா. அப்படியே விட்டிருந்தா?"

"விடலையே, கண்ணு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா பாதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் கலந்தார். பெரும்பாலான கலவைகள் 'இல்லை' என்றே வந்தன. மாதக் கடைசியில் டாக்டர் அலமாரியைத் திறந்தார். பாதிக்கு மேல் கிட்கள் அப்படியே இருந்தன.

"இப்படியே போகட்டும். யாரையும் விட வேணாம்" என்றார். அக்கா அடுத்த நாலு குழாய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.