சீலையில் தைத்த மண்மூட்டைகள்

ஈரக் களிமண்ணில் ரயர் நின்ற இடத்திலேயே சுற்றும்போது எழும் இரைச்சலும், கூடவே வருகிற கருகிய ரப்பர் மணமும்தான் சிறுவயதுக் குளிர்காலம் என்றதும் எனக்கு முதலில் வருபவை. மெல்பேர்ண் என்றால் ட்ராமும் கடற்கரையும் என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் இருந்த இடத்தை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். நகரத்துக்குக் கிழக்கே, டண்டினோங் மலைச்சரிவில், அப்பா வேலை பார்த்த பூங்கன்றுப் பண்ணைக்குக் கொஞ்சம் கீழே ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தார் காணாத பாதை. அங்கே குளிர் தொடங்குகிற யூன் மாதம் பிறந்துவிட்டால் மழையும் பனிப்புகாருமாக மாறி மாறி வரும். யூகலிப்டஸ் மரங்களின் இலையும் பட்டையும் உதிர்ந்து களியோடு குழைந்து, பாதை முழுக்கச் சவர்க்காரம் பூசியதுபோலக் கிடக்கும்.

அப்பாவிடம் ஒரு பழைய "யூட்" இருந்தது. முன்னுக்கு இரண்டு பேர், நெருக்கினால் மூன்று பேர் இருக்கலாம். பின்னுக்குத் திறந்த பெட்டி. பெட்டி நிறையக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு போகையில் சொன்னபடி கேட்கிற அந்த வாகனம், வெறுமையாக வருகையில் வளைவுகளில் "வாலை ஆட்டும்". வாகனத்தைத் தள்ளுவது பின் ரயர்கள், அவற்றின் மேல் பாரமில்லாவிட்டால் அவை நிலத்தைப் பிடிக்காது என்று பண்ணைக்காரக் கிழவர் அப்பாவுக்குச் சொல்லி, குளிர்காலம் முடியும்வரை இரண்டு மூன்று மூட்டை மண்ணைப் போட்டுவைக்கச் சொன்னார். மலையில் எல்லோரும் செய்கிற காரியம்தான். பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த யூட்டை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா உரச் சாக்குகளில் மணல் நிரப்பத் தொடங்கினார். கிழவர் சொன்ன இரண்டு மூன்றோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டிய காலத்தில் பழகிய கை அது. ஒரு மூட்டை குறுக்கே, அடுத்தது நெடுக்கே, பொருத்துக்கு மேல் பொருத்து வராமல், ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டிச் சமன்செய்து, பெட்டிக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு சுவரையே கட்டிவிட்டார். எனக்கு அது கோட்டையாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் குந்தியிருந்து, தலையை மட்டும் நீட்டி, தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா கோப்பைகளை நிலத்தில் வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்து, நோகும்படியாகத்தான், கீழே இறக்கினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இதை இப்பவே எடுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை இது நிக்கக்கூடாது" என்றார். ஒன்றுக்குப் பத்தாகக் கதை சொல்லக்கூடிய அப்பா, "நான் யோசிக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். இருட்டுவதற்குள் சுவர் இல்லை, மணல் முழுவதும் வேலியோரம் கொட்டியாயிற்று. என் கோட்டை போனதற்காக நான் அழுதேன். எவரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை.

ஆனால் பாரம் வேண்டுமே. அப்பா தண்ணீர் பீப்பாய்களை ஏற்றிப் பார்த்தார். பிரேக் பிடிக்கும்தோறும் தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து வாகனத்தை உலுப்பியது. அடுத்து, எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய்தார். தெரிந்த குடும்பங்களெல்லாம் சேர்ந்து மொத்தமாக வாங்கும் அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து மழை படாமல் படங்கால் மூடிக் கட்டினார். "பாரமும் ஆச்சு, சாப்பாடும் ஆச்சு" என்று அவருக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. அம்மாவும் அதற்கு இணங்கினார். அரிசியில் கால் படக்கூடாது என்று என்னை அந்தப் பக்கம் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். மலையில் உள்ள வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகளை இருவருமே மறந்துபோனார்கள். பண்ணையில் யூட்டை நிறுத்திவிட்டு அப்பா உள்ளே போன நேரத்தில் அவை கூட்டமாக இறங்கிப் படங்கையும் சாக்கையும் கிழித்தன; மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது. தப்பிய அரிசியை வீட்டுக்குள்ளேயே ஹீற்றருக்கு முன்னால் பரப்பி உலர்த்தி, அந்தப் பூஞ்சண மணத்தோடேயே பல நாள் சோறு சாப்பிட்டோம். மற்றக் குடும்பங்களுக்கு அப்பா என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது.

அதன்பின் பெட்டி வெறுமையாகவே ஓடியது. ஓர் உறைபனிக் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் வழியில், இறக்கத்து வளைவொன்றில் யூட்டின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. அப்பாவின் இடக்கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்தது நினைவிருக்கிறது. பாதையை விட்டு வழுக்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்ற ஒரு வெட்டுமரக் குற்றியில் மோதி நின்றோம். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் குற்றிக்கு அப்பால், கீழே, மரங்களின் உச்சிகள் தெரிந்தன. நாங்கள் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம்.

நடந்ததை அப்பா ஒளிக்காமல் சொன்னார். அம்மா என் சப்பாத்தில் இருந்த களியைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். பின்னேரம் சூட்கேசைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய நைலெக்ஸ் சீலைகளை வெளியே எடுத்தார்.

"சாக்கிலையே போட்டுப் படங்காலை மூடிவிடுறனே. நீர் பாக்கத் தேவையில்லை" என்றார் அப்பா.

"மூடினால் எனக்குத் தெரியாமல் போயிடுமோ? சாக்கு வேண்டாம். நான் தைக்கிறன். மண்ணையும் நானே அள்ளுறன்."

துணியை இரட்டையாக மடித்துத் தைத்தார். வேலியோரக் குவியலில் இருந்து மணலை அள்ளும்போது பையின் வாயை விரித்துப் பிடித்தவள் நான். அம்மா பையைப் பார்க்காமலே அள்ளிப் போட்டதில் மணலில் பாதி என் காலில் கொட்டியது. அப்போதுதான், நான் கேட்காமலே, அவர் சொன்னார். எனக்கு ஒரு மாமா இருந்தாராம். அம்மாவுக்குத் தம்பி, பெயர் குகன்.

"ஆமியின்ரை காவல் சென்றியிலை எங்களை மறிச்சவங்கள். என்னைப் போகச் சொல்லிப்போட்டு, அவனை மண்மூட்டைக்கு அங்காலை கூட்டிக்கொண்டு போனவங்கள். நான் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கொஞ்ச நேரம் அவன்ரை தலை தெரிஞ்சது. பிறகு தெரியேல்லை."

அடுத்த பையை எடுத்து என் கையில் தந்துவிட்டு, "உனக்காகத்தான் தொடுறன்" என்றார்.

மாம்பழ மஞ்சளும் நீலமும் பூப்போட்டதுமாக, தலையணை போன்ற அந்தப் பைகளை அப்பா பெட்டிக்குள் பரவலாகக் கிடத்தினார், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவேயில்லை. பண்ணைக்காரக் கிழவர், வெயில் காய்வதற்கா இதெல்லாம் என்று கேட்டுச் சிரித்தாராம். யூட் அதற்குப் பிறகு வழுக்கவில்லை. முதல் நாட்களில் அம்மா வாசலில் நின்று, எங்கள் பக்கம் திரும்பாமல், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு கை காட்டி வழியனுப்பினார். குளிர்காலம் முடியும் தறுவாயில்தான் யூட்டைப் பார்த்துக் கை காட்டினார்.

இப்போது அந்தப் பாதைக்குத் தார் போட்டுவிட்டார்கள். பண்ணை இருந்த இடத்தில் விடுமுறை வீடுகள். அப்பா காலமானபின் யூட் பழைய இரும்புக்குப் போனது. அம்மா என்னோடு கிளென் வேவர்லியில் இருக்கிறார்; நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது, சில நாட்களில் என்னையே அக்கா என்கிறார்.

போன குளிர்காலத்தில், பெருமழைக்கு அடுத்த நாள், அவரை டொக்டரிடம் கூட்டிப்போய்விட்டு வரும்போது, வெள்ளத்துக்காகத் தெருமுனைக் கடை வாசலில் மண்மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சிவப்பு விளக்கு விழுந்து கார் சரியாக அதன் முன்னால்தான் நின்றது. இத்தனை வருடமாக நான் இப்படியான இடங்களைக் கண்டால் வேறு தெருவால் சுற்றிப் போய்விடுவேன். அன்று வழியில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணாடியில் முகத்தை வைத்து ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் பிள்ளை இவ்வளவு வடிவா அடுக்கினது?" என்று கேட்டார்.

முதலில் எனக்கு வந்தது ஆறுதல்தான். இனி இவருக்குப் பயமில்லை என்று நினைத்தேன். அடுத்த கணமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அம்மா, குகனை நினைவிருக்கோ?"

"குகனோ?" அவர் நாகரிகமாக, விருந்தாளியிடம் விசாரிப்பதுபோல யோசித்தார். "உன்னோடை படிச்ச பிள்ளையோ?"

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரமோ. ஓம் அம்மா என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். குகன் மாமாவை நான் ஒருநாளும் கண்டதில்லை, வீட்டில் அவருடைய படம்கூட இல்லை. இப்போது அவரை நினைத்திருக்க நான் மட்டும்தான் மிச்சம்.