ஆறு குடத்து வண்டி

தெருமுனை இஸ்திரி வண்டியில் துணியைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து கரியை ஊதினார். அந்த வாசனை மூக்கில் ஏறவும் செல்போன் சிணுங்கவும் சரியாக இருந்தது. ஊரிலிருந்து அண்ணன் மகள் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். அடுத்த மாதம் சென்னையில் வேலைக்குச் சேரப் போகிறாள்.

"அத்தை, மெட்ராஸுக்கு வாறதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சுக்கணும்? வெயிலு எப்டி? அப்புறம், அப்பா கேக்கச் சொன்னாரு. தாத்தா ஒங்களுக்கு அனுப்புன தண்ணி வண்டி இருக்குல்ல? இல்லாட்டி நான் ஒண்ணு கொண்டாரணுமாம்."

முதல் இரண்டு கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசுவேன். மூன்றாவதைக் கேட்டதும் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கரி வாசனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்கு மேற்கே, கடல் தெரியாத, ஆனால் காற்றடித்தால் கருவாடு மட்டும் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. மிளகாயும், மழை பெய்தால் நெல்லும். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது ஊரே கூடி யோசனை சொன்னது. பெரியப்பா கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் நான்கு நாள் இருந்தவர். கட்டுப்போட்ட கண்ணோடு போய்க் கட்டுப்போட்ட கண்ணோடு திரும்பியவர். "ஊரு நல்ல ஊருதேன், வெளிச்சம் மட்டும் பத்தாது" என்றார். நான் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், டார்ச் லைட்டும் வாங்கினேன்.

வெயிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராமநாதபுரத்துக்காரிக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நானும் அந்தத் திமிரில் குடைகூட எடுக்காமல்தான் ரயில் ஏறினேன்.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி எம்புட்டுத் தூரம்?"

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் ஊருணி அப்போது இரண்டு ஊர் தள்ளி இருந்தது. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு தள்ளுவண்டி. நாலு சின்னச் சக்கரம், மேலே இரும்புச் சட்டம், குடம் உட்கார ஆறு வளையம். கல்யாணச் சீரில் பீரோவுக்குப் பக்கத்தில் தண்ணி வண்டியும் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் பீரோவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், வண்டியைத்தான் தள்ளிப் பார்ப்பார்கள்.

"தண்ணி வீட்டுக்குள்ளயே வருதுய்யா" என்று சென்னையிலிருந்து போனில் சொன்னேன்.

அய்யா குரலைத் தாழ்த்தி, "கஷ்டம்னா கஷ்டம்னு சொல்லு தாயி. அய்யாகிட்ட எதுக்கு மறைக்கிற?" என்றார். அவர் கணக்கே வேறு. எங்கள் ஊரில் நூறு வீடு, ஊருணி இரண்டு ஊர் தள்ளி. சென்னையில் இத்தனை வீடு இருந்தால் ஊருணி எவ்வளவு தூரத்தில் இருக்கும்? மகள் தினமும் செங்கல்பட்டு வரை நடக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். "மூணு மாசம் பாப்பேன். தண்ணிக்கு அலையிறனு தெரிஞ்சா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும். என் சம்பளம், என் சாவி, என் அறை என்று முதல்முறையாக மூன்று 'என்' கிடைத்திருந்தது. திரும்பிப் போனால் அடுத்து பீரோவும் மாப்பிள்ளையும்தான்.

இரண்டாவது மாதம் ஒரு மத்தியானம். ஆபீஸ் வாசலிலிருந்து செக்யூரிட்டி அண்ணன் இன்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், உங்களுக்கு ஒரு... என்னன்னு தெரியல மேடம், வந்திருக்கு."

போய்ப் பார்த்தால் தண்ணி வண்டி. எங்கள் பக்கம் வேலிக்கருவை என்று சொல்லும் சீமைக்கருவேலத்தைச் சுட்டுக் கரியாக்கிச் சென்னைக்கு லாரியில் அனுப்புவார்கள். அந்தக் கரிமூட்டைகளின் மேல் ஏறி வந்திருக்கிறது. மஞ்சள் பெயின்ட் பாதி கறுப்பு. ஆறு பிளாஸ்டிக் குடம், சட்டத்தில் சந்தனம் குங்குமம், முன்னால் சிவப்பு எழுத்தில் என் பெயர். என் சீருக்கென்று அய்யா செய்து வைத்திருந்த வண்டி. மாப்பிள்ளை வராமல் சீர் மட்டும் வந்துவிட்டது. ஆபீஸில் பாதிப் பேர் வாழ்த்துச் சொன்னார்கள், மேனேஜர் கை குலுக்கினார்.

எந்த ஆட்டோக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. சரி, நாம் தள்ளாத வண்டியா என்று புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். அறைக்கு இரண்டு கிலோமீட்டர், நேரம் மத்தியானம் இரண்டு மணி. அங்கேதான் ஒன்று தெரிந்தது. எங்கள் ஊர் வெயில் ஆளைச் சுடும், சென்னை வெயில் ஆளை அவிக்கும். முதல் சிக்னலில் வியர்வை. இரண்டாவது சிக்னலில் ஒரு அம்மா, "மோர் எவ்ளோம்மா?" என்று கேட்டார். மூன்றாவது சிக்னலில் காது அடைத்து, கண் இருட்டி, வண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் பத்தாது என்று பெரியப்பா சொன்னது சரிதான் என்று தோன்றியது. ஒரு இளநீர்க்காரர் முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஆறு குடம் வச்சிருக்க, குடிக்க ஒரு மொடக்கு இல்லியா?" என்று திட்டினார்.

வண்டி என் மாடி அறைப் படிக்குக் கீழே நின்றது. மூன்று மாதம் முடிந்த அன்று அய்யா வந்தார். தோளில் மிளகாய்ப் பை, சட்டைப் பையில் ரயில் டிக்கெட்.

"ரெண்டு டிக்கெட்டு எடுத்திருக்கேன்" என்றார். "ஒண்ணு ஒனக்கு."

நான் நேரே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கொட்டியது. அய்யா விரலை நீட்டிப் பார்த்தார், நக்கிப் பார்த்தார்.

"எப்ப நிக்கும்?"

"நிக்காதுய்யா."

"நிக்காத தண்ணி எங்கனத்தா இருக்கு?" பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் குழாய்க்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனால் ஓடுகிற தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எங்கள் ஆட்களால் முடியாது. முதலில் வாளி. பிறகு கீழேயிருந்து ஆறு குடத்தையும் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் குக்கர், டிபன் பாக்ஸ், டம்ளர்கள். பருப்பை ஒரு பேப்பரில் கொட்டிவிட்டுப் பருப்பு டப்பா. எல்லாம் நிறைந்தால் நம்பிவிடுவார் என்று நானும் ஓடி ஓடிப் பாத்திரம் கொடுத்தேன். அறைக்குள் கால் வைக்க இடமில்லை. கடைசியாகச் சோப்பு டப்பாவை நீட்டினேன். அது பாதி நிறையும்போது குழாய் ஒருமுறை கனைத்தது, இரண்டு சொட்டு விட்டது, நின்றுவிட்டது.

அய்யாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா?" என்றார். அடுத்த நிமிடம் முகம் வாடிவிட்டது. "பைய எடுத்துவையித்தா."

நான் பையை எடுக்காமல் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தேன். அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். ஹவுஸ் ஓனர் அம்மா. "மோட்டார் காலைலயே புகைஞ்சு போச்சு, மெக்கானிக் நாளைக்குத்தான் வருவான். டேங்க்ல மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணியையும் எந்தப் புண்ணியவாதி காலி பண்ணது?" கதவுக்குள் தலையை நீட்டியவர் பேச்சை நிறுத்திவிட்டார். கட்டில் மேல்கூடத் தண்ணீர்ப் பாத்திரம் நின்றது.

"எத்தன வீடுத்தா?" என்று அய்யா கேட்டார், அவரிடம்.

"நாலு."

அவ்வளவுதான். அய்யா துண்டைத் தலையில் கட்டினார். குடங்களைக் கீழே இறக்கி, வண்டியில் வைத்து, வாசலில் நிறுத்தி, எல்லோரையும் வரிசையில் வரச்சொன்னார். "வீட்டுக்கு ஒரு கொடம். குடிக்க, சமைக்க மட்டுந்தேன். குளிக்கிற சோலி நாளைக்கு." சத்தம் போட்டதற்காக ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குக் கடைசி இடம். அவரும் தன் வீட்டு வாசலில் தன் குடத்தோடு வரிசையில் நின்றார். அவர்கள் தொட்டியிலிருந்து நாங்கள் எடுத்த தண்ணீர் அது. அதை அவர்களுக்கே பங்கு வைத்தோம், நாலு வீட்டாரும் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அடிக்கடி இப்டி நிக்குமாத்தா?" என்று கேட்டார் அய்யா.

ஹவுஸ் ஓனர் அம்மா வெட்கத்தோடு, "கோடையில நிக்கும் பெரியவரே" என்றார்.

"நல்லது" என்றார் அய்யா. என் பக்கம் திரும்பினார். "நிக்காத தண்ணின்னு சொன்னியா, அதுல பயந்துட்டேன் தாயி. இது நம்மூரு மாதிரித்தேன் இருக்கு. இருந்துக்க. ஒனக்குத்தேன் வண்டி இருக்கே."

சாயங்காலம் எழும்பூரில் தனியாக ரயில் ஏறினார். என் சீட்டில் தலையும் அவர் சீட்டில் காலுமாகப் படுத்துப் போனதாக மறுநாள் பெருமையாகச் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும். நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா என்றெல்லாம் கேட்கத் தெரியாத மனுஷன். "வண்டி நல்லாருக்கா?" என்பார். "நல்லாருக்குய்யா" என்பேன். "அப்பச் சரி" என்று வைத்துவிடுவார்.

வண்டி போனது இரண்டாவது வருடம். நான் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், பழைய இரும்புக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிறவர் தெருவில் வந்திருக்கிறார். ஹவுஸ் ஓனர் அம்மா வண்டியைக் கொடுத்து இரண்டு வாளி வாங்கிவிட்டார். "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று நான் திரும்பி வந்ததும் சிவப்பு வாளியை என்னிடம் நீட்டினார். அவர் வண்டியைக் கொடுத்த அதே நேரம் ஊரில் நான் கரும்பைக் கடித்துக்கொண்டே அய்யாவிடம் வண்டிக்கு எண்ணெய் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

அய்யாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு டிக்கெட் எடுத்துவிடுவார் என்று முதலில் பயம். பிறகு பயமெல்லாம் இல்லை, மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வருடம் அந்த இல்லாத வண்டியை ஓட்டினேன். ஒருமுறை சக்கரம் மாற்றினேன். ஒருமுறை பெயின்ட் அடித்தேன், என்ன கலர் என்று கேட்டார், மஞ்சளே அடித்தேன் என்றேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கண்ணைத் திறந்து அதைத்தான் கேட்டார். நல்லாருக்குய்யா என்றேன்.

இப்போது அந்த மாடிவீடு இல்லை, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போனும் இல்லை. அண்ணன் மகளுக்கு இஸ்திரி வண்டி ஓரத்தில் நின்றபடியே பதில் தட்டினேன். குடை கொண்டு வா, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதே, பெரியப்பா தாத்தா சொல்வதை எழுதிக்கொள்ளாதே. வண்டிக்கு மட்டும் விரல் பழக்கத்தில் 'இருக்கு' என்று அடித்துவிட்டது.

அழித்தேன். 'வண்டி போயிருச்சுத்தா' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அய்யா இல்லை என்று உறைத்தது, நடுத்தெருவில் அழுதுவிட்டேன். கரிப்புகை கண்ணில் பட்டுவிட்டது என்று இஸ்திரிக்காரர் பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.