ஃபெலிக்ஸ் மலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி ஃபெலிக்ஸுடையது. பேருக்குத்தான் சொல்கிறேன், அதில் அவன் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஃபைலைத் திறப்பான், மூடுவான், ஜன்னலுக்குப் போவான், "டீக்குப் போவமாய்யா?" என்பான். ஞாயிறு வந்தால் காரைக்குடியில் அவனைப் பிடிக்கவே முடியாது. முதல் பூசை முடிந்ததும் சைக்கிளில் தனியாகக் கிளம்பிவிடுவான். துணைக்கு ஆள் சேர்க்க மாட்டான். அடுத்தவனுக்காக நிற்க வேண்டி வருமாம்.

இந்த ஓட்டம்தான் அவனை அக்காவிடமிருந்து பிரித்தது. அக்கா ஞானபூரணி பிரான்மலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் டீச்சர். 1992இல் அவள் மகள் வின்சிக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். வீட்டார் எல்லாரும் பஸ்ஸில் போக, இவன் மட்டும் சைக்கிளில் கிளம்பினான். வழியில் ஒரு குன்று கண்ணில் பட, ஏறிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஏறிவிட்டான். வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு அதன் பெரியப்பா மடியில் வைத்துக் குத்தியாகிவிட்டது.

"இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றாள் அக்கா. நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

இரண்டு வருடம் பேச்சு இல்லை. தொண்ணூற்று நாலு தை மாதத்தில் ஒரு ஞாயிறு, எப்படியாவது அக்காவிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்தான். வீட்டில் அம்மாவிடமும் பெண்டாட்டி பெல்சியிடமும் "மலைப்பக்கம் போய்ட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னான்.

குன்றக்குடி வரும்வரை என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்தான். ஒன்றும் சரியாக வரவில்லை. வந்த வழியே திரும்பினான். அரை மைல் வந்ததும் வெட்கமாகி மறுபடி முன்னே மிதித்தான். திருப்பத்தூரில் டீக்கடைக்காரர் கேட்டார்:

"எங்குட்டு போறீக?"

"சும்மா, பிரான்மலைப் பக்கம்."

"சும்மாவா இம்புட்டுத் தூரம் மிதிக்கிறீக?"

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். சிங்கம்புணரிக்கு அப்பால் ஏற்றம் தொடங்கியது. மற்ற நாளில் ஏற்றம் என்றால் அவனுக்குக் கொண்டாட்டம். அன்று இறங்கித் தள்ளினான். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போனான். அக்கா கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது? பயமாகத்தான் இருந்தது என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னான்.

அக்கா வீட்டை அடையும்போது மணி ஒன்று. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான். படியை மிதிக்கக் கூடாதே! பக்கத்து வீட்டு விசாலம் செம்பில் தண்ணீர் நீட்டினாள். அக்கா கையால் வாங்கிக் குடித்தால்தான் ஆச்சு என்ற வீம்பில் வேண்டாம் என்று தலையாட்டினான்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி அப்போதெல்லாம் சைக்கிளில்தான் வரும். கேதம் சொல்ல வருகிறவர் வீட்டுக்குள் நுழைய மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார், தலையைக் குனிந்துகொண்டு வாசலிலேயே நிற்பார். இவ்வளவு ஊர் சுற்றியவனுக்கு அந்த நேரம் இது புத்தியில் படவில்லை.

ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்த ஞானபூரணி, "எம்மா... என்னைய விட்டுட்டுப் போய்ட்டியா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து வாசலில் விழுந்தாள். தெரு கூடிவிட்டது. அவன் திகைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்து எல்லாரும் உறுதியே செய்துவிட்டார்கள்.

"எப்ப எடுக்குறாக?" என்று கேட்டாள் விசாலம்.

"யாரும் சாகல!" என்று கத்தினான் ஃபெலிக்ஸ். "அம்மா நல்லாருக்காக. காலைல அஞ்சு இட்லி சாப்புட்டாக."

அழுகை நின்றது. ஞானபூரணி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பெறகு எதுக்குடா வந்த?"

குன்றக்குடி வரை மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தை மிச்சமில்லை. தெருவே அவன் வாயைப் பார்த்தது.

"வின்சி காதுகுத்துக்கு வந்தேன்க்கா" என்று சொல்லிவிட்டு அழுதான்.

அக்கா கிட்டே வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவன் காதைப் பிடித்துத் திருகி, படியைத் தாண்டி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.